பார்த்துக்கொள்பவரின் உடம்புக்கு எது பொருந்தும்: நடையா, யோகாவா, நாற்காலியா?

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. ஒரே இரவில் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் பாதி திரும்பியிருக்கிறது. பிடித்துக்கொண்டால் நாலு அடி வைப்பார். அவருக்கு வயது 73, எனக்கு 67. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, அங்கிருந்து கழிப்பறைக்கு, திரும்பவும் கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது தடவை அவரை எழுப்பி உட்கார வைக்கிறேன். முதல் வருடம் முடிகிற சமயத்தில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் நிமிர முடியவில்லை. மகள் பெங்களூரிலிருந்து லீவு போட்டு ஓடி வந்தாள். அந்தப் பத்து நாளில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்கம்மா."

அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடை, மொட்டை மாடி, யோகா, சைக்கிள், நாற்காலிப் பயிற்சி என்று ஒவ்வொன்றையும் சில மாதங்களாவது செய்து பார்த்திருக்கிறேன். அறுபதைத் தாண்டிய வயதில் கணவரையோ, மனைவியையோ, தொண்ணூறு வயது மாமியாரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்காக அவற்றை இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொடங்க வேண்டியது நடையில் இல்லை, நாற்காலியில். நடை வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அது எதற்காக வேண்டும் என்பதே வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது

எவ்வளவு கலோரி கரையும், எத்தனை கிலோ குறையும் என்பதைத்தான் வழக்கமாகப் பார்ப்பார்கள். நமக்கு அவை பிறகு. நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். அந்தப் பயிற்சிக்காக எத்தனை நிமிடம் அவர் பக்கத்தில் இல்லாமல் இருக்க வேண்டும்? நடுவில் அவர் கூப்பிட்டால் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர முடியுமா? அவரைப் பிடித்து எழுப்புகிற வேலைக்கு என் தொடையையும் முதுகையும் அது தயார்ப்படுத்துகிறதா? மூன்றாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். இந்த 150 நிமிடம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே வழிகாட்டுதல், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்ட வேண்டும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டும் பலருடைய காதுக்கு எட்டவே இல்லை.

நமக்கு ஆறுதலான விஷயம் ஒன்றும் அதில் இருக்கிறது. 2010-இல் வந்த பழைய வழிகாட்டுதலின்படி ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு. 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும். பத்து நிமிடம் சேர்ந்தாற்போலக் கிடைக்காத வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இன்னோர் ஆய்வையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் 1999-இல் வெளிவந்தது. நோயுற்ற துணையைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பாரத்தால் நொந்துபோயிருந்த முதியவர்களை நான்கு வருடம் கவனித்தார்கள். அப்படிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில்லாத முதியவர்களைவிட அவர்கள் இறந்துபோகும் அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பார்த்துக்கொண்டும் நொந்துபோகாமல் இருந்தவர்களிடம் அந்த ஏற்றம் தெரியவில்லை. ஆக, கொல்வது பார்த்துக்கொள்ளும் வேலை அல்ல, தாங்க முடியாமல் போகிற நிலை. நம் உடம்பைக் கவனிப்பதைச் சுயநலம் என்று நினைத்துக் கூசுகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

வீட்டு வேலையே போதாதா?

"நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கேன், எனக்கு எதுக்குப் பயிற்சி?" என்று நானும் கேட்டவள்தான். பாத்திரம் தேய்ப்பது, துணி அலசுவது, அவருக்கு உடம்பு துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது எல்லாமே உடலுழைப்புதான். வழிகாட்டுதலும் அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த வேலைகளைச் செய்கிறபோது உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பாதி நேரம் முன்னால் குனிந்தபடி. ஒரே பக்கமாகத் திரும்பி. அவசரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. உடம்புக்கு வலு கூட வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையைக் கூட்ட வேண்டும், இடையில் ஓய்வு கொடுக்க வேண்டும். வீட்டு வேலையில் இரண்டும் கிடையாது. நேற்று இரவு மூன்று தடவை எழுந்தவளுக்கும் இன்று காலை அதே எடைதான்.

டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் திரட்டிய தகவலை வைத்து 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலுழைப்பு இதயத்துக்கு நல்லதாகவும், பிழைப்புக்காகச் செய்யும் கடும் உடலுழைப்பு அதற்கு எதிராகவும் இருப்பதாக அது காட்டியது. அது சம்பள வேலையைப் பற்றியது; வீட்டில் பார்த்துக்கொள்வதைப் பற்றி அல்ல. ஆனாலும் ஓய்வில்லாத உழைப்பு பயிற்சி ஆகிவிடாது என்பதை என் இடுப்பு எனக்குச் சொன்னது.

வெளியே நடப்பது

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில். காலை ஐந்தரை மணிக்கு உத்திர வீதியில் போய் நின்றால், கோபுரத்தைச் சுற்றி வலம் வருகிறவர்கள், ஷூ போட்டுக்கொண்டு வேகமாக நடப்பவர்கள், பூக்கட்டிக்கொண்டே எல்லோரையும் விசாரிக்கிறவர்கள் என்று ஊரே எழுந்திருக்கும். அந்த வீதியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் மனம் எவ்வளவு லேசாகிறது என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. வெயில் படும், நாலு முகம் தெரியும், "சார் எப்படி இருக்கார்?" என்பதோடு "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றும் யாராவது கேட்பார்கள்.

நடையின் பலன்களில் சந்தேகமே இல்லை. இதயம், சர்க்கரை, பிரஷர், தூக்கம் எல்லாவற்றுக்கும் நல்லது. தினம் பத்தாயிரம் அடி என்று பயப்படவும் வேண்டாம். அந்த எண் 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2022-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடிக்குள்ளேயே பலன் பெரும்பாலும் கிடைத்துவிடுவதாகத் தெரிந்தது. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். நல்ல முயற்சி. அதில் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினாலும் நமக்கு நல்லதுதான்.

என் முதல் கேள்வியில்தான் நடை தோற்கிறது. நாற்பது நிமிடம் அவர் தனியாக இருக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். நடுவில் விட்டுவிட்டு ஓடி வரவும் முடியாது. மூன்றாவது கேள்வியிலும் சறுக்கல்தான்: சமதரையில் நடப்பதால் தொடைக்கு, இன்னொருவரைத் தாங்கி எழுப்புகிற வலு பெரிதாக ஏறுவதில்லை. விழாமல் இருக்க எந்தப் பயிற்சி உதவுகிறது என்று 108 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வில், உடற்பயிற்சி பொதுவாக விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது என்று வந்தது. அந்தப் பலன் சமநிலைப் பயிற்சியிலும், எழுந்து உட்காருவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியிலும் தெளிவாகத் தெரிந்தது. நடை மட்டும் செய்தால் விழுவது குறையும் என்று உறுதியாகச் சொல்ல அதில் சான்று இல்லை. நாம் விழுந்தால் இரண்டு பேர் விழுந்த மாதிரி. அதனால் எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

இதைவிடக் கனமான தடை ஒன்று இருக்கிறது. காய்கறி வாங்கப் போகிறேன் என்றால் எதிர் வீட்டு அக்கா தானாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மருந்துக்கடைக்கு என்றாலும் சரி. நடக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் வாய் வரவில்லை. உறவில் ஒருவர் கேட்டே விட்டார்: "அவரை இப்படிப் படுக்க வெச்சுட்டு உனக்கு வாக்கிங்கா?" அந்தக் கேள்விக்குப் பயந்து எத்தனையோ பேர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் கடைசியில் அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். "வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஆறு மணிலேருந்து ஆறேமுக்கால் வரைக்கும் நீங்க உக்காந்தா நான் நடந்துட்டு வருவேன்க்கா. என் இடுப்புக்காக." அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "இதை நீ மொதல்லயே கேட்டிருக்கலாமே" என்றார். பொதுவாக "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்றால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிறது.

அதனால் நடையை நான் தினசரிப் பயிற்சியாக வைக்கவில்லை. வாரம் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே போய் மனிதர்களைப் பார்க்கிற நேரமாக வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாளை எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

மொட்டை மாடியும் எட்டு நடையும்

ஆள் கிடைக்காத நாளுக்கு மாடி. அவர் இடது கைக்கு எட்டும்படி கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்றை வைத்திருக்கிறேன். அழுத்தினால் நான் கையில் எடுத்துப்போகும் பெட்டியில் ஒலிக்கும். பழைய போனில் வீடியோ கால் போட்டு அவர் பக்கத்தில் நிறுத்தி வைப்பதும் நடக்கிற வழிதான். கூப்பிட்டால் ஒரு நிமிடத்தில் கீழே இருக்கலாம்.

மாடியில் பலரும் எட்டுப் போட்டு நடக்கிறார்கள். எட்டு நடை அந்த நோயைத் தீர்க்கும், இந்த நோயைத் தீர்க்கும் என்று சுற்றி வருகிற செய்திகளை நான் நம்பச் சொல்ல மாட்டேன். ஆனால் வளைவில் திரும்பி நடப்பது நேர்க்கோட்டில் நடப்பதைவிடக் கால்களுக்குக் கூடுதல் வேலைதான். முதியவர்களின் நடைத்திறனைச் சோதிக்கவே எட்டு வடிவத்தில் நடக்க வைக்கிற ஒரு முறை பிசியோதெரபியில் இருக்கிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் பெரிய எட்டாகப் போட்டு மெதுவாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். எனக்கு மாடியில் பயம் படிக்கட்டுதான். மணி அடித்த பதற்றத்தில் இருட்டில் இறங்குவது ஆபத்து. விளக்குப் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மட்டும் இறங்குங்கள். மழைக்காலப் பாசியில் மாடிப் பக்கமே போக வேண்டாம்.

யோகாவும் மனவளக்கலையும்

தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்களுக்கு மிகவும் பழக்கமானது வேதாத்திரி மகரிஷி மனவளக்கலையில் வகுத்த எளியமுறை உடற்பயிற்சி. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று வரிசையாகப் போகும். நான் வேலையில் இருந்த நாளிலேயே கற்றுக்கொண்டது. மூட்டுகள் இலகுவாகும், மூச்சு சீராகும், இரவு அரைகுறைத் தூக்கத்துக்குப் பிறகு தலைக்குள் இருக்கும் இரைச்சல் அடங்கும். இந்த அமைதி விஷயத்தில் வேறு எதையும் இதனோடு ஒப்பிட மாட்டேன்.

வீட்டிலேயே, அவர் கண் முன்னாலேயே செய்யலாம் என்பதால் முதல் கேள்வியில் முழு மதிப்பெண். இரண்டாவதில் பாதி: தரையில் குப்புறப் படுத்திருக்கும்போது அவர் கூப்பிட்டால், 67 வயதில் சட்டென்று எழுந்து ஓடுவது தலைசுற்றலை வாங்கிக்கொள்வது. ஆகவே தரைப் பயிற்சிகளை அவர் தூங்குகிற நேரத்துக்கு ஒதுக்கி, நின்றும் உட்கார்ந்தும் செய்பவற்றை மற்ற நேரத்தில் செய்கிறேன். மூன்றாவது கேள்வியில் குறைவுதான். நின்று செய்கிற ஆசனங்கள் சமநிலைக்கு உதவும். ஆனால் எடையைத் தாங்கி எழும் வலு தனியாக வளர்க்க வேண்டியது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கிற, தலை தாழ்கிற ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். எலும்பு அடர்த்தி குறைகிற எலும்புப்புரை நோய் உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிகிற ஆசனங்களைச் செய்யக் கூடாது. வகுப்பில் சேரும்போதே இவற்றைச் சொல்லிவிடுங்கள். கேட்காத ஆசிரியரிடம் போக வேண்டாம்.

நாற்காலி

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபித் தம்பிதான் இதைத் தொடங்கி வைத்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருவதோடு, படுத்திருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. அவர் என் கணவரின் காலை மடக்கி நீட்டிவிட்டு, நான் அவரை எழுப்புவதைப் பார்த்தார். "அம்மா, சாருக்கு அப்புறம் பாத்துக்கலாம். நீங்க மொதல்ல கை ஊன்றாம இந்த நாற்காலியிலேருந்து எந்திரிங்க பாப்போம்" என்றார்.

கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, முப்பது வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்பது ஒரு சோதனை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் முதியவர்கள் விழும் அபாயத்தை அறியப் பயன்படுத்துவது. 65 முதல் 69 வயதுள்ள பெண்கள் 11 தடவைக்குக் குறைவாகவும், அதே வயது ஆண்கள் 12 தடவைக்குக் குறைவாகவும் எழுந்தால் சராசரிக்குக் கீழே. 70 முதல் 74 வரை பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12. நான் எட்டு தடவை எழுந்தேன். எட்டாவதில் தொடை நடுங்கியது. தினமும் எழுபது கிலோ மனிதரைத் தூக்குகிற உடம்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த உடம்பு அது. தொடை செய்ய வேண்டிய வேலையை அதுவரை இடுப்பு செய்துகொண்டிருந்திருக்கிறது.

அன்று சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை செய்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஒரு தடவைக்கு எட்டு. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை. எழும்போது மூச்சை விட வேண்டும். அடக்கினால் பிரஷர் ஏறும். கை ஊன்றாமல் எழ முடியாதவர்கள் ஊன்றியே தொடங்கலாம், அல்லது நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது. குக்கரின் மூன்று விசிலுக்குள் பத்து முடிந்துவிடும். பிறகு ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை, குதிகாலும் விரலும் தொடும்படி வைத்துப் பத்து வினாடி நிற்பது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி, முழங்கைகளைப் பின்னால் இழுப்பது; குனிந்து குனிந்து வட்டமாகிப்போன முதுகுக்கு இது மருந்து.

இவை புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் வயதானவர்களுக்காகவே உருவாக்கிய வீட்டுப் பயிற்சித் திட்டமும் இந்த வழியில் போகிறதுதான்: கால் வலுவும் சமநிலையும் வாரம் மூன்று நாள், கூடவே நடை இரண்டு நாள். அதைச் சோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் விழுவது 35 சதவீதம் குறைந்தது.

மூன்று கேள்விகளையும் இங்கே கேட்டுப் பாருங்கள். அவரை விட்டு ஓர் அடிகூட நகர வேண்டாம். நாலாவது எழுச்சியில் கூப்பிட்டால் போய்விட்டு வந்து ஐந்திலிருந்து தொடரலாம். அவரை எழுப்பும்போது உடம்பு செய்கிற அதே அசைவை, அவசரமில்லாமல், நிமிர்ந்த முதுகோடு பழகுகிறோம். நான் செய்து பார்த்ததில் மூன்றிலும் தேறியது இது ஒன்றுதான். இதன் குறையையும் சொல்ல வேண்டும்: மூச்சு வாங்கும் உழைப்பு இதில் குறைவு, ஆகவே 150 நிமிடக் கணக்கு இதனால் மட்டும் நிறையாது. வெயிலும் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை. நடை வந்து நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

கூடவே தூக்கும் முறையையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் இடுப்பைக் காப்பாற்றாது. அமெரிக்காவில் நோயாளிகளைக் கையால் தூக்குவதற்கு நர்ஸுகளுக்கே பரிந்துரைக்கிற உச்சவரம்பு சுமார் 16 கிலோ. நாம் ஒரு முழு மனிதரைத் தூக்கப் பார்க்கிறோம். அவர் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடிக்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்தோ, அக்குளில் கை கொடுத்தோ இழுத்தால் அவர் தோள் மூட்டு நழுவக்கூடும். அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை உள்ளே இழுத்து வைத்து, "மூக்கு கால் விரலுக்கு நேரா வரட்டும்" என்று முன்னால் சாயவைத்தால் பாதி எடை தானாக எழும். நான் தூக்குவதில்லை, அவர் எழும்போது கூட எழுகிறேன். படுக்கையில் மேலே நகர்த்துவதற்குப் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து அடியில் போட்டு, இரண்டு பேராக இழுக்க வேண்டும்.

சைக்கிளும், சேர்ந்து செய்வதும்

ஹாலில் போடுகிற நிலை சைக்கிள் நல்லதுதான். முட்டி வலிக்காரர்களுக்கு நடையைவிட இதமானது, மூச்சும் வாங்கும், எந்த நிமிடமும் நிறுத்தலாம். சமநிலைக்கும் எலும்புக்கும் அதில் அதிகம் கிடைக்காது. இடமும் பணமும் இருந்தால் வாங்கலாம். துணி காயப்போடுகிற கம்பியாகிவிடும் என்று தோன்றினால் வேண்டாம்.

அவருக்குச் செய்ய வைக்கிற பயிற்சியே நமக்கும் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் நம் கவனம் முழுக்க அவர் காலில் இருக்கும், நம் மூச்சில் இருக்காது. அது அவருடைய சிகிச்சை. நம்முடையதைத் தனியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எது

நீங்கள் பார்த்துக்கொள்பவரின் நிலையைப் பொறுத்து என் வரிசை மாறும். மறதி நோயால் எழுந்து வெளியே போய்விடுகிறவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மாடிக்குப் போகவே கூடாது. அங்கே இருவரும் கைகோத்துத் தெருவில் நடப்பதுதான் சிறந்த பயிற்சி, அவர் அலைச்சலும் தணியும். மறதி நோயுள்ள உறவினரைப் பார்த்துக்கொண்ட நூறு பெண்களை வைத்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது. வகுப்புக்கு வரச் சொல்லாமல், வீட்டிலிருந்தபடியே மிதமான பயிற்சி செய்யச் சொல்லி, தொலைபேசியில் மட்டும் பேசி ஊக்கப்படுத்தினார்கள். ஒரு வருடத்தில் அவர்களுடைய தூக்கம் மேம்பட்டது, மன அழுத்த நேரத்தில் பிரஷர் எகிறுவது குறைந்தது. யாராவது வாரம் ஒரு முறை "செஞ்சீங்களா?" என்று கேட்பதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது பாருங்கள். என் மகளிடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைத்தான் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

முழுக்கப் படுத்த படுக்கையாக இருப்பவரைப் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். அங்கே அந்த இரண்டு மணி நேரம்தான் கடிகாரம்: புரட்டி முடித்ததும் நாற்காலியில் எட்டு எழுச்சி என்று இணைத்துக்கொள்ளுங்கள், தனியாக நேரம் தேட வேண்டாம். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஓட்டத்துக்குக் குறைவிருக்காது. அவர்கள் சமநிலையையும் முதுகு வலுவையும் பார்த்தால் போதும். மாமியார் தானாக நடமாடுகிறார், துணைக்கு மட்டும் ஆள் வேண்டும் என்கிற வீட்டில் தாராளமாக நடையை முதலில் வைக்கலாம்.

இதய நோய், கட்டுப்படாத பிரஷர், சமீபத்தில் அறுவை சிகிச்சை, அடிக்கடி மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சில் அழுத்தம், மூச்சு முட்டல், தலைசுற்றல் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்கப் போக வேண்டாம். இடுப்பில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். இரவு முழுக்க விழித்திருந்த மறுநாள் பாதி செய்தால் போதும். அவருடைய பிரஷரைப் பார்க்க யார் வந்தாலும் உங்கள் கையையும் நீட்டுங்கள். துணைக்கு ஆள், முதியோர் உதவி பற்றிக் கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

இப்போது முப்பது வினாடியில் பன்னிரண்டு தடவை எழுகிறேன். இடுப்பு அதற்குப் பிறகு ஒரு தடவைதான் பிடித்தது, இரண்டே நாளில் விட்டது.

எண்ணுவது அவர்தான். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கும் எண், கிழமை, பழகிய பாட்டு போன்றவை சில சமயம் மிச்சம் இருக்கும் என்று பிசியோதெரபித் தம்பி சொல்லியிருந்தார். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வார்த்தை வராமல் தவிக்கிற மனிதர், நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது கையைத் தூக்கி "ஒண்ணு" என்று தொடங்கிவிடுகிறார். எட்டு வந்ததும் நான் நிறுத்தப் பார்த்தால் "ஒம்போது" என்கிறார். எழுந்துவிடுகிறேன்.